தபால் என்றொரு டிரம்மர்

1

இந்தக் கதை எனக்கு ஆஸ்பத்திரி நடைபாதையில் கிடைத்தது. அக்கா சொன்னாள். நான் எழுதிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

"எழுதிக்கோ. ஆனா அவரைத் தியாகி ஆக்கிடாதே. வீட்ல ஒரு பல்பு மாத்தச் சொன்னா ஒரு மாசம் இழுத்தடிப்பாரு."

மாமா, அதாவது அக்காவின் கணவர், ஒரு ராக் பேண்டின் டிரம்மர். பேண்டில் மூன்றே பேர். பாடகர் (பேஸ் கிதாரும் அவரே), கிதார்காரர், மாமா. கல்லூரி நாளில் ஒன்றுசேர்ந்தவர்கள். இப்போது மூவருக்குமே வெள்ளெழுத்துக் கண்ணாடி.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: மேடை விளக்குகள் அணைந்தன. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு

வேண்டாம். அந்தக் கூட்டம் எந்தக் காலத்திலும் மூச்சைப் பிடித்ததில்லை. ஆரம்பத்தில் "சினிமா பாட்டு பாடுங்கப்பா" என்று கத்தியது. பிறகு கூடவே பாடியது. அப்புறம் போனைத் தூக்கிப் படம் பிடித்தது. பாட்டுகள் கேசட்டில் வந்தன, சி.டி.யில் வந்தன, கடைசியில் கையில் பிடிக்க எதுவும் இல்லாமல் வந்தன. பாடகருக்குத் தொண்டை இறங்கியபோது, கிதார்காரர் ஒன்றும் சொல்லாமல் எல்லாப் பாட்டையும் ஒரு சுருதி இறக்கி வாசிக்கத் தொடங்கினார்.

'ஒன்றும் சொல்லாமல்' என்பதை நான் அழகுக்காக எழுதவில்லை. அவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

3

முன்பெல்லாம் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள், எல்லாப் பையன்களையும் போல. பிறகு பாடகர் கிதார்காரரின் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டார். நிஜமாகவே மச்சான் ஆனார்கள். சில வருஷங்களில் தங்கை பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அன்றைக்குப் போனது அந்த வார்த்தை. அதன் பின்னாலேயே மற்ற வார்த்தைகளும் போய்விட்டன.

[இங்கே தங்கையின் மனதை எழுத ஒரு பத்தி வைத்திருந்தேன். அக்கா எடுக்கச் சொல்லிவிட்டாள். "அந்தப் பொண்ணு இப்பதான் நிம்மதியா இருக்கா. அவளை உன் கதைக்குள்ள இழுக்காதே."]

பேண்டை ஏன் கலைக்கவில்லை என்று கேட்பீர்கள். ஒருவருக்கு மெட்டு வரும், வரி வராது. மற்றவருக்கு வரி வரும், மெட்டு வராது. ஆளுக்கொரு முறை தனியாக முயன்று பார்த்தார்கள். கேட்க நாதியில்லை. ஆகவே, டயர் கடைக்கு மேலே, சுவரெல்லாம் பழைய கம்பளம் ஒட்டிய ஒத்திகை அறையில் இப்படி நடந்தது:

"ரெண்டாவது சரணம் இழுக்குதுன்னு அவன்கிட்ட சொல்லு" என்பார் பாடகர்.

மாமா கிதார்காரரிடம் திரும்புவார். "சரணம் இழுக்குதாம்."

"கழுதை மாதிரி கத்தாம மூச்சு விட்டுப் பாடினா இழுக்காதுன்னு சொல்லு."

"மூச்சு விட்டுப் பாடணுமாம்."

கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் மூவரும் நிற்பார்கள். இருவர் காதிலும் எல்லாம் விழும். ஆனாலும் மாமா வாயால் வந்தால்தான் அது வந்ததாகக் கணக்கு. வழியில் கழுதைகளை எல்லாம் இறக்கிவிட்டுத்தான் அவர் கொண்டுபோய்ச் சேர்ப்பார். கச்சேரிகளை ஏற்பாடு செய்கிறவர் அவருக்கு 'தபால்' என்று பேர் வைத்தார். ரசிகர்கள் அதை அவர் கைவேகத்துக்கான பட்டம் என்று நினைத்தார்கள்.

4

இந்தப் பகுதியில் மழை, மின்னல் எல்லாம் போட்டுப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒரு பிற்பகல் ஒத்திகையில் தாளம் பின்தங்கியது. தபாலிடம் சொல்லச் சொல்லியே பழகிய இருவரும், தபாலைப் பற்றியே சொல்ல வேண்டியிருந்தபோது, யார் சொல்வது என்று தெரியாமல் வாசித்துக்கொண்டே போனார்கள். மாமாவின் வலது கையிலிருந்து குச்சி நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது.

பாடகர் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். கார் கிதார்காரருடையது. சாவி அவர் பையில். பாடகர் குனிந்து, மாமாவிடம் சொன்னார்:

"அவன்கிட்ட கார் சாவியைக் கேளு."

மாமா கேட்கப் பார்த்தார். முகத்தைக் கிதார்காரர் பக்கம் திருப்பி, "சா... சா..." என்றார். கிதார்காரர் சாவியை எடுத்து மாமாவின் மடியில் வைத்தார்.

(எனக்கு எப்படித் தெரியும்? இருவரும் தனித்தனியாக வந்து அக்காவிடம் அழுதிருக்கிறார்கள். மற்றதெல்லாம் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். இது மட்டும் ஒன்றுபோல் இருந்தது.)

"கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அக்கா கேட்டாள். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

5

பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்கள் சிலருக்குப் பாட்டு மிஞ்சுமாம். டாக்டரே சொன்னார். நான் ஆசையாக எழுதத் தொடங்கினேன்: ஒரு காலை, மாமாவின் உதடுகளிலிருந்து அவர்களுடைய முதல் பாட்டு மெல்ல

இல்லை. அக்கா போனில் அந்தப் பாட்டை வைத்துக் காட்டினாள். மாமா முழுவதும் கேட்டார். போர்வைமேல் கிடந்த இடது கையில் ஒரு விரல்கூட அசையவில்லை.

6

இருவரும் வெவ்வேறு நேரத்தில் வந்து பார்க்கும்படி அக்காதான் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் அது தவறிவிட்டது. கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பாடகர் மாமாவிடம் குனிந்தார்.

"கச்சேரி ஏற்பாடு பண்றவரு வேற டிரம்மரை வெச்சு நடத்தலாங்கறாரு. எனக்கு மனசில்லன்னு அவன்கிட்ட சொல்லு."

மாமாவின் வாய் கோணியபடியே அசைந்தது. அப்போதும் அவர் சொல்லத்தான் பார்த்தார்.

"போதும்" என்றாள் அக்கா. "இவரு இதுவரைக்கும் சுமந்தது போதும். எதுவா இருந்தாலும் மூஞ்சியைப் பாத்து நீங்களே பேசிக்கங்க."

வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே என்ன நடந்ததென்று அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கிதார்காரர் வந்தார், பின்னால் பாடகர். இருவரும் அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். அதற்குப் பிறகு அந்த பேண்ட் எங்கேயும் வாசிக்கவில்லை. கேட்டால் இருவருமே பேச்சை மாற்றுகிறார்கள்.

7

மிச்சமிருக்கும் ஒரே சாட்சி மாமா. ஆகவே இரண்டு முடிவு எழுதி அவரிடமே எடுத்துக்கொண்டு போனேன்.

முதலாவதில் கிதார்காரர் கட்டிலைச் சுற்றி வந்து "மச்சான்" என்கிறார். படித்து முடித்தபோது மாமா கண்ணிலிருந்து கரகரவென்று நீர் வழிந்தது. சரி, இதுதான் நடந்திருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம். மறுநாள், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவதையும் படித்தேன். அதில் இருவரும் வாயே திறப்பதில்லை. கதவு திறக்கிறவரை மாமாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மாமா அதே போல் அழுதார்.

உடற்பயிற்சி கொடுக்க வரும் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "இந்த நோய் வந்தவங்க காரணமே இல்லாமகூட அழுவாங்க சார். அதை வெச்சு ஒரு முடிவுக்கு வராதீங்க."

நான் வரவில்லை. இரண்டு தாள்களும் அவர் தலைமாட்டில் இருக்கின்றன. உங்களுக்கு எது தோன்றுகிறதோ அதை எடுத்துப் படித்துக் காட்டுங்கள். ஒரு துண்டை மட்டும் அவருடைய இடது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிடுங்கள். அடுத்தவர் கண்ணைத் துடைத்துவிட்டால் அவருக்குப் பிடிப்பதில்லை.