மூன்றாவது எலுமிச்சம்பழம்

"நங்கையா, உள்ள போயிருங்க! வண்டி பொறப்படுது!"

சொல்லி வாய் மூடுவதற்குள் சௌந்திரம் வாசற்கதவை இழுத்துச் சாத்திவிட்டாள். வெளியே லாரியின் முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, சூடமும் எரிந்துகொண்டிருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம், இருட்டு நடையில், வெள்ளைச் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள், அவள் 'நங்கையா' என்று கூப்பிடும் நாத்தனார் ராமாயி.

"புள்ள, கதவைத் தெற. தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்."

"போயிட்டு வந்தப்பறம் சொல்லிக்கலாமுங்க. நல்ல நேரத்துல முன்னால வந்து நிக்காதீங்க."

லாரி உறுமியது. 'சாமி, நில்லு!' என்று தம்பியைப் பார்த்துக் கத்த ராமாயி வாயைத் திறந்தாள். ஆனால் பயணம் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாதே! தாலி இறங்கிய நாளிலிருந்து எதற்கெல்லாமோ அடங்கிப் பழகிய வாய், தானாகவே மூடிக்கொண்டது. லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு பரமத்தி வேலூர் ரஸ்தாவில் இறங்கிப் போயிற்று.

யுத்தத்துக்கு முந்தின வருஷம் அது. புன்செய்க் காட்டில் பாதியை விற்றுத்தான் ராமாயியின் தம்பி சென்னிமலை அந்த லாரியை வாங்கியிருந்தான். முதலாளியும் அவனே, டிரைவரும் அவனே. ஓட்டிக்கொண்டே லோடு தேட முடியுமா? போகும்போது பாரம், வரும்போது காற்று. லோடு பிடித்துக் கொடுக்க ஓர் ஏஜெண்டு வேண்டும் என்று அலைந்தான். மைத்துனன் வெள்ளியங்கிரி, சலவைச் சட்டையோடு வந்து, "என்னைய வெச்சுக்குங்க மாமா" என்று நின்றான். ஆனால் வேலூரில் வெல்ல மண்டி நடத்தியவனுக்கு வாழ்க்கைப்பட்டு, அவன் போனபின் பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருந்த அக்காள் ராமாயிக்குத்தான் மண்டிக்காரர்கள் அத்தனை பேரையும் தெரியும். அந்த வேலையை அவளுக்கே கொடுத்தான்.

கொடுத்தான், ஊருக்குத் தெரியாமல். வேலூரிலிருந்து வரும் பஸ் தினமும் காலையில் வீட்டுக் கொல்லைக் கிணற்றடியில் நின்று என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும். கண்டக்டர் காளியண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மண்டிச் சேதிகளைச் சொல்வான். இவள் மறுசேதி சொல்லி அனுப்புவாள். லாரி வெறுமனே திரும்புவது நின்று போயிற்று. இந்த உலகத்தில் தனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று அவளுக்குக் காலையில் எழுந்திருக்கவே ஆசையாக இருந்தது.

கதவு சாத்திய அன்று காலை காளியண்ணன் கொண்டுவந்த சேதி இதுதான்: வேலூர் மண்டியில் ஒரு சாவு, இன்று கடை திறக்காது, அதற்குப் பதில் மோகனூரில் வெற்றிலைக் கட்டுகள் தயாராக இருக்கின்றன, உச்சிப் பொழுதுக்குள் லாரி வராவிட்டால் மாட்டு வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் சென்னிமலை வெறும் லாரியோடு வந்து சேர்ந்தான்.

"இன்னைக்கு எவ மூஞ்சியில முழிச்சனோ!"

"நங்கையா வெளிய வரவே இல்லீங்க. நாந்தானே கதவைச் சாத்துனேன்" என்றாள் சௌந்திரம்.

"ஆமா சாமி, சகுனத்துல ஒரு குத்தமுமில்லே" என்றாள் ராமாயி. மோகனூர்ச் சேதியைச் சொன்னாள்.

"காலையிலயே தெரியுமா? அப்பறம் ஏனக்கா சொல்லலே?"

"முன்னால வந்தா ஆகாது. பின்னால கூப்புட்டாலும் ஆகாது. எந்தப் பக்கமா வந்து சொல்றது? நீயே சொல்லு."

சென்னிமலை சாப்பாட்டு வட்டிலைத் தள்ளி வைத்தான். கை கழுவி வந்த பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "இதுக்குத்தான் ஆம்பளை ஆளு வேணுங்கறது. சௌந்திரம், நாளைக்கு உன்ற தம்பியை வரச் சொல்லு."

மறுநாள் காலை பஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனதும் ராமாயி வீட்டுக்குள் திரும்பவில்லை. வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு, வீட்டைச் சுற்றி, ரஸ்தாவுக்கு வந்தாள். வண்டியைக் கிளப்ப ஹாண்டிலைச் சொருகிக் குனிந்திருந்த சென்னிமலை நிமிர்ந்து திரும்பினான். எதிரே, நடு ரஸ்தாவில், வெள்ளைச் சேலை.

"ஐயோ, நங்கையா!" சூடத்தட்டோடு நின்ற சௌந்திரம் கத்தினாள்.

வெள்ளியங்கிரி சிரித்தான். "ஏனுங்க மாமா, இன்னைக்கு வண்டியை நேரா சுடுகாட்டுக்கே உட்டறலாமா?"

"லோடு எங்க கெடக்குதுன்னு தெரிஞ்சா நீ சொல்லு சாமி" என்றாள் ராமாயி நிதானமாக. "நான் இப்பவே உள்ள போயிக்கறேன்."

"கடைவீதியில போயி நாலு பேரைக் கேட்டாத்தானே..." அவன் சட்டைக் காலரைத் தடவிக்கொண்டான்.

சென்னிமலை எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான். மைத்துனனைப் பார்த்தான். பிறகு, வெகு நாளைக்குப் பின், புறப்படுகிற வேளையில் அக்காளின் முகத்தைப் பார்த்தான்.

"எங்க போகோணும், அக்கா?"

"பரமத்தி. கரும்பாலைக் காட்டுல வெல்லம் மூட்டை கட்டிக் கெடக்குது. ஆட்டையாம்பட்டியில எறக்கிட்டு, அங்கயே சேலைப் பொதி ஏத்திக்க. நான் சொல்லி அனுப்பியாச்சு."

சௌந்திரம் உள்ளே ஓடி இன்னோர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து, மற்றச் சக்கரத்தடியில் வைத்தாள். லாரி இரண்டையும் நசுக்கிக்கொண்டு போயிற்று.

சாயங்காலம், தார்ப்பாய் விம்ம, சேலைப் பொதிகளோடு அது திரும்பி வந்தது. சௌந்திரம் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள்.

"நல்ல வேளைங்க. ரெண்டாவது பழம் வெச்சதுதான் காப்பாத்துச்சு!"

சென்னிமலையும் ஆமாம் என்று தலையாட்டினான்.

ராமாயி ஒரு கணம் இருவரையும் பார்த்தாள். அழவில்லை; அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"அப்ப நாளைக்கு மூணு வெச்சுரு புள்ள" என்றாள். "நான் முன்னாலதான் நிப்பேன்."