பதினொன்றாம் வீட்டுக் கள்ளிக்கொல்லை

1926 மார்ச் 8ஆம் தேதி, திங்கட்கிழமை, மலாயாவில் செமோருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில், மேனேஜர் துரையின் உத்தரவு வாசிக்கப்பட்டது: தோட்ட எல்லைக்குள் ரப்பர் மரத்தைத் தவிர வேறு எதுவும் முளைத்திருக்கக் கூடாது.

புல்வெட்டு வேலை பார்க்கும் கருப்பம்மாளுக்கு இது புதிதல்ல. ஆறு வருஷமாக அவள் கொத்தி எறிவதே அப்படி முளைப்பதைத்தான். ஆனால் எறிந்தவற்றில் கண்ணுக்குப் பிடித்ததை மடியில் கட்டிவந்து, கூலிகள் குடியிருக்கும் லயத்தில் தன் பதினொன்றாம் நம்பர் வீட்டுப் பின்புறம் நட்டுவிடுவாள். அங்கே பழைய ஈயச் சுரங்கத்து வெள்ளை மணல். கீரை போட்டால் கருகிப்போகும். முதுகுளத்தூரிலிருந்து சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த சப்பாத்திக்கள்ளி மட்டும் மணலைக் கண்டதும் சொந்த ஊருக்கே வந்துவிட்டதுபோல் பரவியது. எருக்கும் வந்தது. நடுவே உண்ணிச்செடி, காட்டோரத்து ஊதாப்பூச் செண்டுடுக் செடி. பூத்ததும் பட்டாம்பூச்சிகள் வந்து மொய்த்தன. வேலை விட்டு வந்து அரைமணி நேரம் அங்கே உட்காருவாள். அந்த நேரத்தில் கணவன் பிச்சைமுத்து சோறுகூடக் கேட்பதில்லை.

சனிக்கிழமை சின்னையா கங்காணி வந்து எட்டிப் பார்த்தார். எருக்கிலையெல்லாம் வரிப்புழு.

"என்னா கருப்பம்மா, புழு வளக்கிறியா?"

"நான் எங்க வளக்குறேன் கங்காணி. அதுவா வளருது."

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அத்தனையும் புடுங்கிரணும். திங்கக்கிழமை தொரை லயம் பாக்க வாராரு. ஒரு செடி இருந்தாலும் ஒங்க ரெண்டு பேரு பேரையும் வேலைப் பதிவுலேருந்து வெட்டிருவேன்."

"பேரை அப்புறம் வெட்டலாம். மொதல்ல கள்ளிய வெட்டுங்க. மண்வெட்டி தாரேன்."

கங்காணி முள்ளைப் பார்த்தார், போய்விட்டார்.

ஞாயிறு காலை பிச்சைமுத்து மண்வெட்டியை எடுத்தான். "கடல் தாண்டி வந்தது பொழைக்கத்தானே புள்ள? பூச்சி பாக்கவா?"

"சாயங்காலம்னுதானே சொன்னாரு. கஞ்சியக் குடிங்க."

அவன் பாதிக் கஞ்சியில் இருக்கும்போது துரை வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் துரை வலையோடு பட்டாம்பூச்சி பிடிக்கப் போவது ஊரறிந்தது. மூன்று மாதமாக அவருக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. அன்று ஒரு செம்மஞ்சள் பூச்சி முன்னால் பறக்க, அண்ணாந்தபடியே ஓடி வந்தார். பின்னால் கண்ணாடிப் புட்டியோடு கங்காணி. பூச்சி கள்ளியைத் தாண்டியது. துரை தாண்டவில்லை.

அவர் போட்ட சத்தம் செடிகளைக் கண்ட கோபம் என்றுதான் கங்காணிக்குப் பட்டது. "நேத்தே சொன்னேன் தொரை, கேக்கமாட்டேன்னுட்டா" என்று புட்டியைக் கீழே வைத்து, எருக்கை வேரோடு இழுத்தார். செடியிலிருந்து பத்துப் பதினைந்து பூச்சிகள் ஒரேயடியாக எழும்பின.

"கங்காணி, கையை எடு."

துரையின் தமிழ் பரீட்சைக்குப் படித்த தமிழ். காலைத் தூக்கிக்கொண்டு, "பெண்ணே, இவை எங்கிருந்து வருகின்றன?" என்றார்.

கருப்பம்மாள் குனிந்து முள்ளைப் பிடுங்கத் தொடங்கினாள். "எங்கயிருந்தும் வரல தொரை. இந்தச் செடியத் தின்னு இங்கேயே பொழைக்குது. மத்த எடத்துலயெல்லாம் புடுங்கச் சொல்லிட்டீங்க. நாந்தான் புடுங்குனேன்."

துரை யோசித்தார். யோசிக்க நேரமும் இருந்தது. வலது காலில் பாதி முள் பாக்கி.

"நான் இங்கே வரலாமா?"

"வந்து பாருங்க தொரை. புடிக்க வேணாம். புடிச்சா அடுத்த மாசம் அதுவும் வராது, நீங்களும் வரமாட்டீங்க."

பிச்சைமுத்து கஞ்சிச் சட்டியை மெதுவாகக் கீழே வைத்தான்.

மறுநாள் பிரட்டில் தோட்டக் கணக்கர் கிராணி துரையின் புது உத்தரவை வாசித்தார்: பதினொன்றாம் நம்பர் வீட்டுப் பின்புறம் யாரும் களையெடுக்கக் கூடாது, வலை கொண்டுபோகவும் கூடாது. அன்று புல்வெட்டு ஏழாம் நம்பர் ரப்பர் காட்டில். கருப்பம்மாள் ஆறு மணிக்கு மண்வெட்டியோடு களை கொத்தப் போனாள்.