மெயின் சுவிட்ச்

நகரியில் விசைத்தறி ஓட்டும் மாசிலாமணி வீட்டுக்குத் திருட்டு அலாரம் மாட்டிய நாளிலிருந்து, அந்தத் தெருவில் யாரும் அவரிடம் சிக்காமல் கடைக்குப் போக முடியவில்லை.

"கரண்ட்ல ஓடும். கரண்ட் போனா உள்ள பேட்டரி இருக்குது. எவனாவது ஒயரை அறுத்தான்னு வெச்சுக்கோ, என் போனுக்கு மெசேஜ் வந்துடும். திருடன் இன்னா பண்ணுவான், சொல்லு?"

பக்கத்து வீட்டு நாகபூஷணம் இதை ஒன்பது தடவை கேட்டிருந்தார்.

ஆவணியில் ஒருநாள் விடிவதற்குள் மாசிலாமணியும் மனைவி தேவசேனாவும் திருமலைக்கு நடந்துபோகக் கிளம்பினார்கள்.

"சாவியை நாகபூஷணம் அண்ணன்கிட்ட குடுத்துடலாங்க."

"அலாரம் இருக்கறப்போ அவரு எதுக்கு?" என்றவர், அலாரத்தை முடுக்கினார். வெளியூர் போகும்போதெல்லாம் செய்கிற மாதிரியே மெயின் சுவிட்சையும் அணைத்தார். ஆளில்லாத வீட்டுக்கு எதற்குக் கரண்ட்?

திருப்பதி வரை பஸ்ஸில் போய், மலையடிவாரத்து அலிபிரியில் முந்நூறு படி ஏறி உட்கார்ந்தபோதுதான் பையிலிருந்து போனை எடுத்தார். இரண்டு செய்திகள். 'மின்சாரம் துண்டிக்கப்பட்டது.' 'பேட்டரி தீரப்போகிறது.'

மாசிலாமணி துள்ளி எழுந்தார். "ஒயரை அறுத்துட்டானுங்க!" என்று நாகபூஷணத்துக்குப் போன் போட்டார். "அண்ணே, உள்ள ஆள் பூந்துட்டான். பூட்டை ஒடைங்க!"

நாகபூஷணம் கடப்பாரையோடு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஓடினார். பூட்டு லேசில் மசியவில்லை. நிலையோடு கதவே பெயர்ந்து விழுந்தது. அலாரம் ஊரே அதிர ஊளையிட்டது. கட்டிலடி, பரண், குளியலறை என்று தேடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி தீர்ந்து, ஊளை முனகலாகி அடங்கியது.

அரை மணியில் போன் வந்தது. "ஒருத்தனும் இல்லப்பா. கதவுதான் நிலையோட பேந்து வந்துடுச்சு. மெயின் ஆஃப்ல இருக்குது. நீ அணைச்சுட்டுப் போனியா?"

மாசிலாமணி போனைப் பைக்குள் போட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தேவசேனா எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

"நீங்க போய்க் கதவுக்குக் காவல் இருங்க. நான் சாமி பாத்துட்டு வர்றேன்."

அவள் ஏறினாள்; அவர் இறங்கினார்.

சாயங்காலம் வீடு வந்தபோது, கதவில்லாத வாசலில் நாகபூஷணம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பாதித் தெரு. மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வேலை செய்யுதான்னு டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்."

"கதவையுமா?" என்றார் நாகபூஷணம்.