கால் நனையாமல் பெண் கேட்டவன்

எங்கள் துறைமுக ஊரான பொட்ஸுவோலியில் தரை சும்மா இருக்காது. அடியில் எரிமலை இருப்பதால் சில வருடம் இறங்கும், சில வருடம் ஏறும். எண்பத்து மூன்றில் அது ஏறியபோது சுவர்கள் விரிசல் விட்டன, சனங்கள் கூடாரத்தில் படுத்தார்கள், ஊரே புனிதர்களின் காலைப் பிடித்து அழுதது. நான் ஒருத்திதான் இன்னும் கொஞ்சம் ஏறு என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

காரணம் என் அப்பா ப்ரோகோலோ. மீன்பிடி படகு வைத்திருந்தார், அதைவிடப் பெரிய வாயும் வைத்திருந்தார். நான் காதலித்தது துறைமுகத் தெருவில் சவரக்கடை நடத்திய எராஸ்மோவை. வாரம் ஒருமுறை அப்பாவின் கழுத்தில் கத்தி வைப்பவன், அவர் முன்னால் வாய் திறக்க மட்டும் பயப்படுவான். ஒருநாள் எப்படியோ தைரியம் வந்து, பெண் கேட்கப் படகில் ஏறினான். கயிறு அவிழ்ப்பதற்குள் வாந்தி எடுத்துவிட்டான், அதுவும் வலைமேல்.

"புனித பவுல் ரோமுக்குப் போறப்ப இந்தத் துறையிலதான்டா வந்து இறங்கினாரு! புயல்ல அடிபட்டு வந்த மனுசன். அவரு வாந்தியா எடுத்தாரு?" என்று அப்பா கத்தினார்.

"அவரு பொண்ணு கேக்க வரலியே ஐயா."

அப்பாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. "என் படகு நடுத்துறையில நிக்கும். ஷூ நனையாம நடந்து வந்து அதைத் தொடு. அன்னிக்குப் பொண்ணு கேளு!"

தரை ஏறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். தரை ஏற ஏறத் துறையில் தண்ணீர் குறையும். எங்கள் ஊரின் பழைய ரோமானியச் சந்தைத் தூண்களில், அவை ஒருகாலத்தில் கடலில் மூழ்கிக் கிடந்தபோது சிப்பிகள் குடைந்த ஓட்டைகளைப் படமெடுக்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். நான் பார்த்ததெல்லாம் தூணடியில் தேங்கிய தண்ணீரைத்தான். அது வடிந்தால் தரை ஏறுகிறது என்று அர்த்தம். ரொட்டி வாங்கும் சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டு எராஸ்மோவின் கடைக்கு ஓடுவேன். முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "ஊரே நடுங்குது, இவ சிரிக்கிறா பாரு!"

அப்பாவும் லேசுப்பட்டவரில்லை. படகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்துக்கு நகர்த்திக்கொண்டே போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்ட மயக்கத்தில் படகிலேயே தூங்கிவிட்டார். கண் விழித்தபோது, தரையும் ஏறி ஓதமும் இறங்கிக் கடல் உள்வாங்கியிருந்தது, படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது.

எராஸ்மோ தன் ஒரே நல்ல ஷூவைப் போட்டுக்கொண்டு இறங்கினான். முழங்கால்வரை சேறு. போய்ப் படகைத் தொட்டான்.

"நனைஞ்சிருச்சு! செல்லாது!"

"இது சேறு ஐயா, தண்ணியில்ல."

சேறு தண்ணீரில் சேர்த்தியா மண்ணில் சேர்த்தியா என்று கரையில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பாதிரியாரைக் கேட்டார்கள். பவுல் இதைப் பற்றி எதுவும் எழுதவில்லை என்று அவர் நழுவிவிட்டார்.

அப்பா படகிலிருந்து வீம்பாகக் குதித்தார். கனத்த உடம்பு, இரண்டே எட்டில் இடுப்புவரை புதைந்துபோனார். எராஸ்மோ அவரைப் பிடுங்கியெடுத்து முதுகில் ஏற்றிக்கொண்டான்.

"இறக்கி விடுடா, சோப்பு நுரைப் பயலே!" என்று திட்டிக்கொண்டே வந்தார். பாதி வழியில் தரை உறுமியது. துறைமுகமே ஆடியது. அப்பா அவன் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு அலறினார்.

"விட்றாத மாப்ளே! என்னை விட்றாத!"

நடுக்கம் நின்றது. ஊர் மொத்தமும் அதைக் கேட்டுவிட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அம்மா பாதிரியாரின் அங்கியைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணத்தை எப்ப வெச்சுக்கலாம் சாமி?" என்றாள்.

"பயத்துல வாய் தவறிடுச்சு. அதெல்லாம் கணக்குல வராது!" என்றார் அப்பா.

எராஸ்மோ நட்ட நடுச்சேற்றில் நின்றான். "அப்ப இங்கயே இறக்கி விட்டுடட்டுமா ஐயா?"

அப்பா கீழே பார்த்தார்.

"ஈஸ்டர் முடிஞ்சதும் வெச்சுக்கலாம்," என்றார்.