வெள்ளோட்டம்

மருத்துவமனையின் பின்வாயிலருகே நின்று, "இதுதான் கொலோசியம்" என்று கணவர் அறிவித்தபோது, அவள் தலையை உயர்த்தி அந்தச் சுவரைப் பார்த்தாள். சுண்ணாம்பு உதிர்ந்த நீளமான சுவர். அதன்மேல் உடைந்த கண்ணாடிச் சில்லுகளைப் பதித்திருந்தார்கள். வாயிலில் நின்ற வண்டியிலிருந்து ஆக்சிஜன் உருளைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் உருளையும் தரையில் உருளும் ஓசை தெருமுனைவரை போய்த் திரும்பியது. கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவளுடைய புதிய காலணிகளைப் பார்த்தார். காலணிகளுக்குள் இருந்த கால்களைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

"கொஞ்சம் லேட்டு. பரவால்ல. இங்க அரை மணி நேரம் சுத்திப் பாக்கறோம், நின்னுக்கிட்டே."

"இங்கயேவா?"

"இங்க இல்லம்மா, அங்க. ஆனா இங்க நின்னு பாத்தாத்தான் அங்க நிக்க முடியுமான்னு தெரியும்."

அவர்கள் நின்றார்கள். காவலாளி இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, நோயாளியின் உறவினர்கள் என்று எண்ணிக்கொண்டு பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். எந்தப் புதிய வழித்தடத்தையும் வெள்ளோட்டம் விட்டுப் பார்க்காமல் அவர் ஏற்றுக்கொண்டதில்லை. பயணிகளே இல்லாத வெற்றுப் பேருந்தை, பயணிகள் இருப்பதாகவே பாவித்து ஓட்டுவார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிறுத்தி, கதவைத் திறந்து, ஏறாத பயணி ஏறுவதற்கு வேண்டிய நேரம் காத்திருந்து, கதவை மூடி, அடுத்த நிறுத்தத்துக்கு நகர்வார்கள். அப்படிக் காத்திருந்த நேரத்தையும் சேர்த்துத்தான் அட்டவணை எழுதப்படும். அடுத்த மாதம் அவர்கள் இருவரும் மூன்று நாள் ரோம் நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். ஆகவே ரோமுக்கும் வெள்ளோட்டம் விட வேண்டும் என்று அவர் முடிவுசெய்ததில் அவளுக்கு வியப்பு எதுவும் ஏற்படவில்லை. வரைபடத்தில் இடத்துக்கு இடம் தூரத்தை அளந்து, அதே தூரங்களை வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களின்மேல் விரித்திருந்தார். குடிநீர்த் தொட்டி, காசு எறியும் நீரூற்று. மேம்பாலத்துக்கு ஏறும் படிகள், அந்த நகரத்தின் புகழ்பெற்ற படிக்கட்டு.

பயண நிறுவனத்தின் கையேட்டில், எல்லா இடங்களும் விடுதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பதாக அச்சிட்டிருந்தார்கள். யார் கூப்பிட்டு யார் கேட்கும் தூரம் என்று எழுதியவர் சொல்லவில்லை. இப்படித்தான் பொறுப்பில்லாமல் ஒரு சொல்லை அச்சேற்றிவிடுகிறார்கள். அதை நம்பி நடக்க வேண்டியவை அடுத்தவருடைய கால்கள்.

மேம்பாலத்தை நெருங்கும்போது அவள் கேட்டாள். "நடந்துக்கிட்டே இருக்கோமே, எங்கங்க உக்காருவோம்?"

"படி வருதில்ல."

"படியில உக்காரலாமா?"

"உக்காந்தா ஃபைன் போடுவானாம்."

"உக்காரக் கூடாதுன்னா எதுக்கு அத்தனை படி கட்டுனான்?"

"ஏறத்தான்" என்றார் அவர். நெடுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் போன்ற ஒன்று வந்து போனது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே படியேறினாள். ஏறும்போது கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள். கால் படியில் வைக்கப்பட்டுவிட்டதா என்பதைக் குனிந்து பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே அடுத்த காலை எடுத்தாள். அவர் முன்னால் போய்க்கொண்டிருந்ததால் இதைக் கவனிக்கவில்லை. வெள்ளோட்டத்தில் அவருடைய இடம் எப்போதும் ஓட்டுநருக்குப் பக்கத்தில்தான். பின்னிருக்கைகளை அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

பணிமனையில் அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பழைய நாள்காட்டியின் படம் தொங்கிக்கொண்டிருந்தது. தாள்கள் எல்லாம் கிழிக்கப்பட்ட பிறகும் படத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ரோம் நகரத்து நீரூற்று. தாமதமாக வந்து ஏச்சு வாங்கும் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவர் தலைக்கு மேலே அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். முதுகுக்குப் பின்னால் இருந்ததால் அதை மிகக் குறைவாகப் பார்த்தவர் அவர்தான். ஓய்வுபெற்ற நாளில் படத்தைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். வீட்டில் அதைப் படுக்கையறைச் சுவரில் மாட்டினார். அதன்பிறகு ஏறத்தாழ ஓராண்டுக்காலம் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பேச்சு நின்றுவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கூப்பிடாவிட்டால் வரமாட்டார். தெருவில் பேருந்து போகும் ஓசை கேட்டால்கூடக் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒருமுறை வந்து இரண்டு நாள் தங்கிப் பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பிய வாரத்தில் இருவருக்கும் பயணச்சீட்டு எடுத்து அனுப்பினாள். அன்று மாலை அவர் எழுந்துவந்து, "அளவுகோல் எங்க வெச்சிருக்க?" என்று கேட்டார். அந்த ஆண்டில் அவர் தாமாகக் கேட்ட முதல் கேள்வி அது.

அவள் வீட்டிலிருந்தே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். கால்களில் உணர்வு குறைந்துவருவதை அவளுக்குத் தெரிவித்தது தையல் இயந்திரம்தான். மின்விசையில் ஓடும் இயந்திரம். மிதியை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். ஒருநாள் துணியைத் திருப்பிப் போடும்போது ஊசி தன்போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரம் பழுதாகிவிட்டது என்று எண்ணிக் குனிந்து பார்த்தாள். அவளுடைய வலக்கால் மிதியை அழுத்திக்கொண்டிருந்தது. யாரோ ஒருவருடைய கால் அங்கே வைக்கப்பட்டிருப்பதைப் போல அதைச் சற்று நேரம் பார்த்திருந்தாள். மறுநாள் மிதியை மேசைமேல் எடுத்துவைத்து, முழங்கையால் அழுத்தித் தைக்கக் கற்றுக்கொண்டாள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு அதன் பொருள் தெரியாமலில்லை. யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளோட்டம் முடிந்து திரும்பும்போது, கீழ்வீட்டில் குடியிருக்கும் பழைய ஓட்டுநர் படியோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன டைமர் சார், வண்டி எங்க போயிட்டு வருது?"

"ரோம்."

"நம்ம பழைய பாஸு செல்லுமா அங்க?"

"உனக்கு இங்கயே செல்லாது. போ."

ஓட்டுநர் சிரித்தார். பிறகு அவளைப் பார்த்து, "அண்ணி, வண்டி ஒரு பக்கமா சாயுதே?" என்றார்.

"புது ஷூ. பழகிடும்" என்று கணவர் பதில் சொன்னார்.

வீட்டுக்குள் வந்து காலணிகளைக் கழற்றிவிட்டு அவள் தேநீர் போடச் சென்றாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து, ரோமின் முதல் நாள் திட்டத்தில் எந்த இடத்தில் நேரம் கூடுதலாகப் போனது என்று யோசித்துக்கொண்டிருந்தார். தரையில் கருஞ்சிவப்புப் பொட்டுகள் தெரிந்தன. வாசலிலிருந்து சமையலறைவரை, சீரான இடைவெளியில், வரைபடத்தில் குறித்த நிறுத்தங்களைப் போல.

"உன் அரக்குத் துணி சாயம் போகுது பார். தரை முழுக்க. என்ன துணி விக்கிறான் அவன்? நனையாமலே சாயம் போற துணியை ஒரு மனுஷன் காசு வாங்கிட்டு விப்பானா? கேக்க ஆளில்லைன்னுதானே?"

"ஆமாங்க, மட்டமான சாயம்" என்று சொல்லிக்கொண்டே, அவள் ஈரத்துணியோடு வந்து குனிந்து துடைத்தாள். துடைத்துக்கொண்டே வாசலை நோக்கி நகர்ந்தாள். அவள் துடைத்த இடத்தில், அவளுக்குப் பின்னால், புதிய பொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அவர் துணிக்கடைக்காரரைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய வாக்கியத்தை முடிக்கவில்லை.

அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். வலப்பாதத்தின் நடுவில், குண்டூசி ஒன்று தலைவரை இறங்கியிருந்தது. தலையில் வெள்ளை மணி வைத்த ஊசி. திரைச்சீலை மடிப்பைப் பிடித்துவைக்க அவள் பயன்படுத்துவது. புதிய காலணிகளைத் தையல் மேசைக்குக் கீழே அவர்தான் வரிசையாக வைத்திருந்தார். கொலோசியம், நீரூற்று, படிக்கட்டு எல்லாவற்றையும் அவள் காலணிக்குள் விழுந்திருந்த அந்த ஊசியின்மேல் நடந்தே பார்த்திருந்தாள். அவர் ஊசியைப் பிடுங்கினார். நாற்காலிக் காலிலிருந்து ஆணியைப் பிடுங்குவதைப் பார்ப்பதுபோல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்கலையா?"

"இல்லீங்க."

"எப்பலேருந்து?"

"போன வருஷத்துலேருந்து."

"சொல்ல வேண்டியதுதானே?"

"மொதல்ல நீங்க பேசல" என்றாள். "அப்புறம் பேச ஆரம்பிச்சிட்டீங்க."

அடுப்பில் தேநீர் பொங்கி வழிந்து அடங்கியது.

மருத்துவமனைக்கு அவர்கள் முன்வாயில் வழியாகப் போனார்கள். காயத்துக்குக் கட்டுப்போட்டுவிட்ட செவிலி, கட்டை விரல் நீளத்துக்கு ஒரு நைலான் இழையை எடுத்து, அவளைக் கண்களை மூடிக்கொள்ளச் சொன்னாள்.

"நான் தொடும்போது 'தெரியுது'ன்னு சொல்லுங்கம்மா. அவசரப்படாதீங்க. சில பேர் தொடறதுக்கு முன்னாடியே தெரியுதும்பாங்க. இது பரீட்சை இல்ல."

இழை பாதத்தில் பட்டு வளைவதும் நிமிர்வதுமாக இருந்தது. இடக்காலின் இரண்டு இடங்களில் அவள், "தெரியுது" என்றாள். வலக்காலுக்கு வந்தபோது அந்த அறையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. கணவர் சுவரோரமாக நின்று, வளைந்து நிமிரும் இழையையும் அசையாத அவள் உதடுகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்களைத் திறந்தபோது அவள் முதலில் அவருடைய முகத்தைத்தான் பார்த்தாள்.

பயணத்தைப் பற்றி அவர் கேட்டதற்கு, "புண் ஆறட்டும். வலது கால்ல கொஞ்சமாவது உணர்வு இருந்தா யோசிக்கலாம். இல்லன்னா நடக்கவே விடமாட்டேன். பத்து நாள் கழிச்சு மறுபடி பாத்துச் சொல்றேன்" என்றார் மருத்துவர்.

அதன்பிறகு ரோம் நகரம் நாளுக்கு நாள் சுருங்கியது. முதலில் அருங்காட்சியகம் போனது. பிறகு குன்று போனது. உட்கார அனுமதியில்லாத படிக்கட்டை அவர் பட்டியலிலிருந்து கோபத்தோடு அடித்தார். கொலோசியத்தை வண்டியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றார். மகள் தொலைபேசியில், "அப்பா, தேதிய மாத்திடலாமா?" என்று கேட்டபோது, "பாக்கலாம்" என்று சொல்லித் தொலைபேசியை மனைவியின் கையில் கொடுத்துவிட்டார். கடைசியில் நீரூற்று மட்டும் எஞ்சியது. மூன்று நாளும் அங்கேயே போய் உட்கார்ந்திருக்கலாம் என்று திட்டமிட்டு, அதற்கெதிரில் உட்கார ஏதேனும் இடம் உண்டா என்று கைபேசியில் படம் படமாகத் தேடினார். தண்ணீருக்கு முன்னால் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எந்தப் படத்திலும் தெரியவில்லை. பேச்சும் ஒவ்வோர் இடமாகக் குறைந்துகொண்டே வந்தது. ஒன்பதாம் நாள் காலையில் அவர் மீண்டும் சுவர்ப்படத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தார். அவள் சாப்பிடக் கூப்பிட்டாள். வந்தார்.

அன்று பிற்பகல், துணி தேய்க்கும் தூரிகையிலிருந்து ஒரு நைலான் முள்ளைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"நாளைக்கு அவங்க பாக்கறதுக்கு முன்னாடி, நாம ஒருவாட்டி பாத்துடலாம்."

அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டாள். அவர் கீழே முக்காலியில் உட்கார்ந்து, அவளுடைய வலக்காலை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை ஆண்டுகளில் அவர் அந்தப் பாதத்தை இவ்வளவு அருகில் வைத்துப் பார்த்ததில்லை. குதிகாலில் பழைய வெடிப்புகள். நடுவில் புண் ஆறிச் சிறு வட்டத் தழும்பாகியிருந்தது. சுண்டு விரல் அடுத்த விரலின் கீழே ஒதுங்கியிருந்தது.

"கண்ண மூடிக்கோ. தொட்டா சொல்லு."

குதிகாலில் தொட்டார். முள் வளைந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. விளிம்பில் தொட்டார். தழும்புக்குப் பக்கத்தில் தொட்டார். பெருவிரலின் அடியில் தொட்டு, முள் வில்லாக வளையும்வரை அழுத்தினார். தெருவில் ஒரு பேருந்து நின்று, கிளம்பிப் போனது. அவர் முள்ளைப் பாதத்திலிருந்து எடுத்துவிட்டு, கையைக் காற்றில் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தெரியுது" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் இமைகளை இறுக மூடியிருந்தாள். அவளுடைய தலைக்கு மேலே சுவரில் அந்தத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அவர் கையைத் தாழ்த்தவில்லை. முள்ளைப் பாதத்தின்மேல் படாமல் அடுத்த விரலுக்கு நகர்த்தினார். அங்கே சற்று நேரம் நிறுத்தினார்.

"இங்க?"

"ம். தெரியுதுங்க."

மின்விசிறிக் காற்றில் முள்ளின் நுனி நடுங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் ஏறி உள்ளே வருவதற்கு வேண்டிய நேரம் காத்திருந்துவிட்டு, அவர் அதை அதற்கடுத்த விரலுக்கு நகர்த்தினார்.