அடுப்பு எரிந்தால் குளிரும் குஞ்சுகள்

அடுப்பு நன்றாக எரியும்போது என் கோழிக் குஞ்சுகளுக்குக் குளிர்ந்தது. அது தணிந்து வெறும் தணலானதும் அவற்றுக்குக் குளிர் விட்டுப்போனது. இது எப்படி என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

குஞ்சுகளுக்குக் குளிர்கிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்கலாம். அவை நிற்கும் இடமே சொல்லிவிடும். பெட்டிக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு தொங்குகிறது. குஞ்சுகள் பல்புக்கு நேர் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தால் சூடு போதவில்லை என்று பொருள். பல்பை விட்டு விலகி ஓரங்களில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தால் சூடு அதிகம். பெட்டி முழுக்கப் பரவி, ஒன்று தின்ன, ஒன்று உறங்க, ஒன்று மரச்சீவலைக் கிளற என்று இருந்தால் எல்லாம் சரி. நான்காவதாக ஒன்று உண்டு. பல்பையும் பார்க்காமல், எதிர்ப்பக்கத்தையும் பார்க்காமல், எல்லாம் ஒரே சுவரோடு ஒட்டிக்கொண்டு கத்தினால், எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. வெப்பமானி பொய் சொன்னாலும் குஞ்சு பொய் சொல்லாது.

என் குஞ்சுகள் இந்த நான்காவது விதத்தில் நின்றன. ஆனால் என் சமையலறையில் காற்று நுழைய ஒரு வழியும் இல்லை. இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுபோல் அக்டோபரிலேயே ஜன்னல்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டியாயிற்று. ஏப்ரல் பாதி போயும் வெளியே வேலிக் கம்பத்தின் இடுப்பு வரை பனி கிடந்ததால் எதையும் நான் பிரிக்கவில்லை.

குஞ்சுகளை ரெனோவின் கடையில்தான் வாங்கினேன். ரெனோ என் கணவர் அல்சீத்தின் அக்காள் மகன். உருளைக்கிழங்கு விதை, மாட்டுத்தீவனம், ரப்பர் பூட்ஸ் எல்லாம் விற்கிறான். வசந்தத்தில் தகரத் தொட்டிகளில் குஞ்சுகள் வரும். நான் மூன்று கேட்டேன். ஒருத்திக்கு எத்தனை முட்டை வேண்டும்?

"ஆறுக்குக் கம்மியா யாருக்கும் குடுக்கறதில்ல அத்தை" என்றான் ரெனோ. "கடை விதி. ஈஸ்டருக்குப் பிள்ளைங்க கேக்குதுன்னு ஒண்ணே ஒண்ண வாங்கிட்டுப் போயி கொன்னுடறாங்க."

"நான் என்ன ஈஸ்டருக்கா கேக்கறேன்? எனக்கு வயசு எழுபத்தொண்ணு."

"வயசானவங்களுக்கும் அதே விதிதான். தனியா இருந்தா குஞ்சு தாங்காது அத்தை. ஒண்ணோட சூடு இன்னொண்ணுக்கு வேணும்." பெட்டியில் ஆறைப் போட்டுக்கொண்டே, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, "எப்படியும் ஒண்ணு ரெண்டு போயிடும், கவலைப்படாதீங்க" என்றான்.

"ஒண்ணும் போகாது" என்றேன்.

அதை நான் சொன்ன விதத்தில் அவன் நிமிர்ந்து பார்த்தான். அல்சீத் போனது செப்டம்பரில். அந்த வருஷம் அந்த வீட்டிலிருந்து இன்னொரு உயிர் போக வேண்டாம் என்று நான் முடிவு செய்திருந்தேன். கோழிக் குஞ்சானாலும் சரிதான். இதை ரெனோவிடம் எப்படிச் சொல்வது? சில்லறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முன்பெல்லாம் குஞ்சுகள் அல்சீத்தின் பொறுப்பு. கொட்டகையில் வைத்துத்தான் வளர்ப்பார். நான் சமையலறையில் வைத்தேன். குஞ்சுக்கு அங்கே என்ன வசதி என்று யாராவது கேட்டிருந்தால் சூடு என்று சொல்லியிருப்பேன். உண்மையில் நான் வைத்தது சத்தத்துக்காக. மனநிறைவாக இருக்கும் குஞ்சு தொண்டைக்குள்ளேயே ஒரு மெல்லிய ஒலி எழுப்பிக்கொண்டே இருக்கும். தூக்கத்தில்கூட அது நிற்காது. குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் குளிர்பெட்டி உறுமுவதும் விறகு வெடிப்பதும் தவிர வேறு சத்தம் கிடையாது. தினமும் காலையில் ப்ளாய்க்கு மாவு கரைக்கும்போது கை தன்னால் இரண்டு பேருக்குக் கரைத்துவிடும். அது ஒரு பக்கம் மட்டுமே வேகிற மெல்லிய தோசை, சூட்டோடு தின்றால்தான் நன்றாயிருக்கும். மிஞ்சியதை மதியம் ஆறிப்போனதாகத் தின்பேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் ஒருமுறை தோய்த்தேன். பிறந்த குஞ்சுக்குத் தண்ணீர் என்றால் என்னவென்று தெரியாது. ஒருமுறை காட்டினால் பிறகு மறக்காது. பெரிய அட்டைப்பெட்டி, அடியில் மரச்சீவல். கடையிலிருந்து வந்த சின்னப் பெட்டியில் இருந்ததைப் பார்த்து நானும் சுற்றிலும் குஞ்சின் உயரத்துக்கு விரல் நுழையும் துளைகள் போட்டேன். பல்பின் கீழே தொண்ணூற்றைந்து டிகிரி பாரன்ஹீட். வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைய வேண்டும் என்பதால் சங்கிலியில் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தும்படி அமைத்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

ஒரு காலையில் எழுந்து அடுப்பில் விறகு நிரப்பி, காபி போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது எல்லாம் பெட்டியின் கிழக்குச் சுவரோரம் குவிந்து கத்திக்கொண்டிருந்தன. கையை விட்டுப் பிரித்தேன். அடியில் இருந்தது எழுந்திருக்கவில்லை. குளிரால் சாகவில்லை அது. மற்றவற்றின் பாரத்தில் மூச்சு முட்டிப் போயிருந்தது. தனியாக இருந்தால் தாங்காது என்று சேர்த்து வைத்தால், சேர்ந்திருப்பதே கொன்றுவிடுகிறது.

புதைக்க மண் இளகவில்லை. காபி டப்பாவில் வைத்து விறகுக் கொட்டகையில், உயரத் தட்டில் வைத்தேன். ரெனோவுக்குத் தொலைபேசி போட்டேன்.

"நான் சொன்னேன்ல அத்தை" என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இன்னொரு பல்பு போட்டுப் பாருங்க" என்றான்.

போட்டேன். பல்பின் அடியில் நிற்கவே முடியாத சூடு. ஆனாலும் அதே கிழக்குச் சுவர்தான். பெட்டியை அரைவட்டம் திருப்பி வைத்தேன். குஞ்சுகள் பெட்டிக்குள் இடம் மாறி மறுபடி கிழக்கே போய் ஒட்டிக்கொண்டன. ஆக, கோளாறு பெட்டியில் இல்லை, வீட்டில் இருக்கிறது. தீக்குச்சி கிழித்து ஒவ்வொரு ஜன்னல் ஓரத்திலும், வெளிக்கதவின் இடுக்கிலும் பிடித்துப் பார்த்தேன். சுடர் அசையாமல் நின்றது. மதியம் அடுப்பு தணிந்ததும், ஒன்றுமே நடக்காததுபோல் குஞ்சுகள் பெட்டி முழுக்கப் பரவித் தின்னத் தொடங்கின. சாயங்காலம் மறுபடி விறகு போட்டதும் கிழக்கே குவிந்தன. நான் நாற்காலியைப் பெட்டியருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, குவியும்போதெல்லாம் கையால் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தேன். சின்ன மஞ்சள் குஞ்சு ஒன்று ஏற்கெனவே தலை தொங்கிப்போயிருந்தது. நாற்காலியிலேயே எத்தனை நாள் உட்கார்ந்திருக்க முடியும்?

பெட்டியின் துளைகளை அடைத்துவிடலாம்தான். அடைத்தேன். கத்தல் குறைந்தது. ஆனால் காற்று பெட்டிக்கு மேலாகவும் வழிந்து இறங்கியது போலும், குவிவது நிற்கவில்லை.

விடை என் துடைப்பத்தில் இருந்தது. குஞ்சுகளுக்கு இறகு முளைக்கத் தொடங்கினால் பிறவித் தூவி உதிரும். பஞ்சைவிட லேசானது, வீடெங்கும் பறக்கும். நான் தினமும் பெருக்கினேன். பெருக்கிக்கொண்டிருந்தவள் ஒருநாள் நின்று யோசித்தேன்: வீடெங்கும் பறக்கிறது என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன், நான் கூட்டி அள்ளுவதோ எப்போதும் ஒரே இடத்தில். அடுப்பின் காலடியில்.

ஒரு தூவியை எடுத்து அடுப்பிலிருந்து ஓரடி தள்ளித் தரையில் வைத்தேன். அது அடுப்பை நோக்கி நகர்ந்தது. பெட்டியருகே வைத்தேன். பெட்டியைச் சுற்றிக்கொண்டு அடுப்புக்குப் போனது. பெட்டிக்கு அந்தப் பக்கம், மேற்கே, அல்சீத்தின் அறைக் கதவருகே வைத்தேன். யாரோ ஊதிவிட்டதுபோல் ஓடியது.

எரியும் அடுப்பு மூச்சு விடும் பிராணி. புகைபோக்கி வழியாக அது எவ்வளவு புகையை மேலே அனுப்புகிறதோ அவ்வளவு காற்றை வீட்டுக்குள்ளிருந்து இழுத்தாக வேண்டும். எவ்வளவு நன்றாக எரிகிறதோ அவ்வளவு பலமாக இழுக்கும். வீட்டை எத்தனை இறுக்கி மூடினாலும் மிச்சமிருக்கும் ஒரே இடுக்கைத் தேடிப் பிடித்து அதன் வழியாகவே மொத்தத்தையும் உறிஞ்சும். அடுப்பு எரிந்தால் குளிர்வது அதனால்தான். நான் தீக்குச்சியோடு வெளியைப் பார்த்த கதவுகளையெல்லாம் சோதித்தேன். உள்கதவிலிருந்து வெளிக்காற்று வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அல்சீத்தின் அறைக் கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி உண்டு. அறையில் கம்பளம் இருந்த காலத்தில் சீவியது. செப்டம்பரிலிருந்து அதை நான் திறக்கவில்லை, ஜன்னல்களுக்குப் பிளாஸ்டிக் ஒட்டியபோதுகூட. அல்சீத்துக்குக் குறட்டை, எனக்குக் குளிர் ஆகாது. அதனால் பல வருஷமாகவே அவருக்குத் தனி அறை. எந்தக் குளிரிலும் ஜன்னலைக் கொஞ்சம் தூக்கி, அடியில் ஒரு குச்சி வைத்துவிட்டுத்தான் படுப்பார். எங்கள் சண்டைகளில் பாதி அந்த ஜன்னலைப் பற்றியது.

"உங்க காசுல வெளிய இருக்கற வயல சூடு பண்ணிட்டிருக்கீங்க" என்பேன்.

"வயலுக்கும் குளிருமில்ல, லோரெட்" என்பார்.

காலையில் எழுந்ததும் அவரே மூடிவிடுவார். கடைசியாக எழுந்த காலையில் மூடவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு நான் கதவைச் சாத்தினேன்.

இந்தக் குளிர்காலத்தில் விறகு வழக்கத்தைவிட அதிகமாக ஆனது. நான் அதற்கொரு கணக்கும் வைத்திருந்தேன். ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஏறக்குறைய ஒரு நூறு வாட் பல்பு தரும் சூட்டைத் தருகிறான். ஓர் ஆள் குறைந்தால் வீட்டில் ஒரு பல்பு அணைந்த மாதிரி. அதற்கு ஈடாக விறகு போடத்தான் வேண்டும் என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். விளக்கம் நன்றாக இருந்ததால் வேறு காரணம் தேடவில்லை.

கதவைத் திறந்தேன். உள்ளே வெளியைப் போலவே இருந்தது. கட்டில் அப்படியே, போர்வை ஒரு பக்கம் தள்ளியபடி. ஜன்னல் விளிம்பில் பெயிண்ட் உப்பி உரிந்து, பனி உருகி வழிந்த தடம் தரை வரை இறங்கியிருந்தது. கீழே குச்சி நின்றது. பழைய மேப்பிள் மண்வெட்டிக் காம்பின் துண்டு; கை பட்டுப் பட்டு வழவழப்பானது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். குளிர் தாங்கவில்லை. குச்சியை உருவி ஜன்னலை இறக்கினேன். மரம் ஊறிப்போயிருந்ததால் முழங்கையால் இடிக்க வேண்டியிருந்தது.

அப்போதும் வேலை முடியவில்லை. குஞ்சுகள் சுவரை விட்டு விலகின, ஆனால் அடுப்பு சோர்ந்தது. சுடர் சிவந்து தாழ்ந்தது. விறகு போடக் கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. கடைசி இடுக்கையும் அடைத்துவிட்டேன், அதற்கு மூச்சில்லை. முன்பு பகலில் அந்த ஜன்னல் மூடித்தானே இருந்தது, அப்போது எப்படி எரிந்தது என்று யோசித்தேன். அப்போது ஆள் நடமாட்டம் இருந்தது. அல்சீத் விறகு கொண்டுவருவார், மறந்த கையுறைக்குத் திரும்பி வருவார், ரெனோ வருவான், எதிர்வீட்டுக்காரர் வருவார். கதவு திறந்து மூடுகிற ஒவ்வொரு முறையும் அடுப்பு ஒரு வாய் காற்றை வாங்கிக்கொள்ளும். இரவில் எல்லோரும் படுத்த பிறகு அவருடைய ஜன்னல் தந்தது. இப்போது வெளிக்கதவு நாளைக்கு ஒருமுறை திறக்கிறது. சில நாள் அதுவும் இல்லை.

அடுப்புக்குக் காற்று வேண்டும். ஆனால் அது குஞ்சுகளைத் தாண்டி வரக்கூடாது. அடுப்புக்குப் பின்னால், சுவரோடு, நிலவறைக்கு இறங்கும் கதவு இருக்கிறது. உருளைக்கிழங்கு வைத்திருக்கும் இடம். அங்கே வெளிக்காற்றுக்கு ஒரு சிறு துவாரமும் உண்டு. கதவைக் கொஞ்சம் திறந்தேன். அது தானாகச் சாத்திக்கொண்டது. அல்சீத்தின் குச்சி இன்னும் என் கையில்தான் இருந்தது. இடையில் வைத்தேன். பொருந்தியது.

நெருப்பு மஞ்சளாக எழுந்தது. மேற்குக் கதவருகே ஒரு தூவியை வைத்துப் பார்த்தேன். வைத்த இடத்திலேயே கிடந்தது. பெட்டியில் ஐந்தும் ஐந்து பக்கம் இருந்தன. மஞ்சள் குஞ்சு தண்ணீர்த் தட்டருகே தலையைத் தூக்கி விழுங்கிக்கொண்டிருந்தது. தொண்டைக்குள்ளிருந்து வரும் அந்த ஒலி மறுபடி கேட்டது.

ரெனோவுக்குத் தொலைபேசி போட்டு விளக்கினேன். ஞாயிற்றுக்கிழமை குஞ்சுகளைப் பார்க்க வரலாமா என்று கேட்டான். வா, வரும்போது வெளிக்கதவை மெதுவாகத் திற என்றேன்.

யாருக்காவது இதே தொல்லை இருந்தால் செய்ய வேண்டியது இதுதான்: குஞ்சுகளுக்கு மேற்கே இருக்கும் ஜன்னலை மூடுங்கள், அடுப்புக்குப் பின்னால் இருக்கும் நிலவறைக் கதவை ஒரு குச்சியின் கனத்துக்குத் திறந்து வையுங்கள்.