பத்தாம் எண் வயலில் தண்ணீர்

16.2.2010, செவ்வாய்.

புவனகிரிக்குப் பக்கத்தில் பன்னிரண்டு நெல்வயல்களில் தண்ணீர் மட்டத்தை அளப்பது என் பகல் வேலை. மாலையில் சிதம்பரத்தில் பொருளாதார வகுப்பு. வயலில் எப்போதும் தண்ணீர் நின்றால் மீத்தேன் வாயு கிளம்பும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சினால், குறையும். எவ்வளவு வாயு குறைந்ததோ அதற்கேற்ப ஜெர்மனி நிறுவனம் ஒன்றிலிருந்து விவசாயிக்குப் பணம் வரும்; இதுதான் திட்டம். காயவிடும் நாளில் ஒருமுறை தண்ணீர் ஏறினாலும், இந்தச் சாகுபடிப் பட்டம் முழுக்க அந்த வயல் திட்டத்தில் இல்லை.

காலை ஏழரைக்கு பத்தாம் எண் வயலில், அதாவது ஞானாம்பாளின் வயலில், மண்ணில் புதைத்த குழாய்க்குள் அளவுகோலை விட்டேன். பதின்மூன்று சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டிய தண்ணீர், மண்ணுக்கு மேலே நான்கு சென்டிமீட்டர் நின்றது. தப்பாக அளந்துவிட்டேனோ என்று மூன்று முறை அளந்தேன். என் கால் நனைந்திருப்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

வரப்பு வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் மண்வெட்டியோடு காத்தவராயன், ஞானாம்பாளின் கொழுந்தன். அந்த வரப்பு யாருடையது என்ற தகராறில் இருவரும் ஆறு வருடமாகப் பேசுவதில்லை.

“அண்ணி மோட்டாரு ரிப்பேரு போலருக்குன்னு நெனச்சேன். தூர் கட்டுற பயிரு, மண்ணு வெடிச்சிக் கெடக்குது. அவுங்க வந்து கேக்கமாட்டாங்க.”

திட்டத்தை விளக்கினேன். அவர் முகம் வாடிவிட்டது. “எழுதாத பாப்பா. நான் செஞ்சதுக்கு அவுங்க நஷ்டப்படணுமா?”

எந்த நாடும் ஏன் முதலில் புகையைக் குறைப்பதில்லை என்பது நேற்றைய பாடம். செலவு தனக்கு, பலன் எல்லோருக்கும். நோட்டில் கட்டம் போட்டு நாடுகளை நிரப்பியிருந்தேன். பேசாத அண்ணிக்குத் தன் மோட்டார் தண்ணீரை விட்டவரை எந்தக் கட்டத்தில் வைப்பது? நான் பாடத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை போலும்.

தேநீர்த் தூக்கோடு ஞானாம்பாள் வந்தார். எழுதினால் வயல் திட்டத்திலிருந்து போய்விடும், எழுதாவிட்டால் என் மற்றக் கணக்கும் பொய்யாகிவிடும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஞானாம்பாள் வெட்டுப்பட்ட வரப்பைப் பார்த்தார்.

“உள்ளத எழுது. தண்ணி ஏறிச்சின்னு மட்டும் எழுதாத. கொழுந்தனாரு உட்டதுன்னு எழுது.”

அப்படியே எழுதினேன்.

காத்தவராயனுக்கும் டீ கொடுக்கும்படி என்னிடம் சொன்னார். அவரோ, வரப்பை அடைத்துவிட்டுக் குடிப்பதாக என்னிடமே சொன்னார். இருவருக்கும் நடுவே நான்கு அடிகூட இல்லை.

அவர் மண்வெட்டியை எடுத்தார்.

“அது கெடக்கட்டும், உடு” என்றார் ஞானாம்பாள்.

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை.